நாலு தடவை அமுக்கினால் வண்டி நிற்கும்

சிவந்தி கார் டெக்கார்ஸ்,
டோல்கேட், சென்னை.

திசையன்விளை பெரிய மைத்துனர் திரு. பாலகணேஷ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் சுடலைராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே கடை நலம், கார் நலம், நான் பரவாயில்லை. அங்கே தங்கள் வலது கண் நலமா, இடது கண் அதைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்கிறதா என்று அறிய ஆவல்.

மச்சான், கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்குப் போய் எவனாவது கடிதம் எழுதுவானா, ஃபோன்தான் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது. போன மாதம் ஃபோன் செய்தபோது தங்கள் வீட்டில் எடுத்துப் பேசிய ஒருவர், “நீங்க பேசுறது எல்லாம் எங்கயாச்சும் ரெக்கார்டு ஆயிரும். எதுனாலும் எழுதிப் போடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த ஒருவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. தங்கள் வீட்டம்மா ராமசெல்வி அக்கா, மகளின் பிரசவத்துக்குத் துணையாகத் தூத்துக்குடி போயிருப்பதால், தங்களுக்குக் கடிதம் வாசித்துக்காட்ட அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்பதும் எனக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் நிறுத்தி நிதானமாக வாசிக்கும்படியும், பிடிக்காத இடம் வந்தால் தாண்டிப் போய்விட வேண்டாம் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எழுத வந்த விஷயம் முழுக்க முழுக்கத் தொழில் சம்பந்தமானது. காரின் முன்கண்ணாடியில் ஒட்டுகிற டாஷ்போர்டு கேமரா ஒன்றை நானே புதிதாக வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே டப்பாவாக இல்லாமல் தனித்தனித் துண்டுகளாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி. தாங்கள் முப்பது வருஷம் பம்புசெட் கடை நடத்தியவர், சாமான் என்றால் இன்னதென்று தெரிந்தவர், அதனால் தங்கள் அபிப்பிராயம் வேண்டும். வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

ஆனால் கேமராவைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் அது செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும். நடந்ததைத் தாங்கள் ஒரு தரப்பாகத்தான் கேட்டிருப்பீர்கள். என் தங்கை தங்கபுஷ்பம் திருவொற்றியூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, சாப்பாடு முடிந்து முப்பது பேர் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அதற்கு நாலு நாள் முன்னால்தான் எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் லாரிக்காரன் ரிவர்ஸில் வந்து என் பம்பரைத் தேய்த்துவிட்டு, நான்தான் போய் முட்டினேன் என்று நடுரோட்டில் நின்று சாதித்தான். என் காரில் கேமரா இருக்கிறது, அது பொய் சொல்லாது என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த சமயம். தங்கபுஷ்பத்தின் வீட்டுக்காரர் அன்புமணி, எங்கே காட்டுங்கள் பார்ப்போம் என்றார். உடனே கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிக் கொண்டுவந்து அவர்களுடைய புது டிவியில் செருகினேன். இதில் நான் செய்த பிழையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையில் கஸ்டமருக்கு ஓட்டிக்காட்டுகிற டிவி இருக்கிறதே, அதற்கு ஸ்பீக்கர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. தினம் பத்து பேருக்கு ஊமைப்படம் காட்டிக் காட்டி, இந்தச் சனியன் பிடித்த கேமராவுக்குக் காதும் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

லாரி வருவதற்கு முன்னால் தங்கள் தங்கையின் குரல் வந்தது. புது டிவி, வீடே அதிர்ந்தது. தங்கபுஷ்பத்துக்கு வீடு பெரிசுதான், அதில் ஒரு அலமாரியை நம்ம வீட்டு டிபன் கேரியர் அடுக்கு வைக்கவே கட்டியிருப்பாள், குழம்பு கொடுத்துவிட்டால் மூன்று அடுக்காகப் போகிறது, இரண்டாகத் திரும்பி வருகிறது, இதுவரைக்கும் ஏழு அடுக்கு போயிருக்கிறது, நானும் வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன் என்றது டிவி. நிறுத்துகிற பொத்தான் என்று நினைத்து ரிமோட்டில் ஒன்றை அமுக்கினேன், சத்தம் கூடியது. அந்தக் கூடின சத்தத்தில், அன்புமணி பால் காய்ச்சுகிற அன்றைக்கு மைக்கைப் பிடித்துப் பாடப்போகிறார், கோளாறு இல்லாமல் வீடு திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி முடித்தது. அன்புமணி அன்று காலையில்தான் ஐந்து பாட்டுப் பாடியிருந்தார்.

தங்கபுஷ்பத்தின் முகம் சுண்டிப்போயிற்று. தங்கள் தங்கை கையில் கேசரித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் சமாளிக்கிறேன் பேர்வழி என்று சிரித்துக்கொண்டே, “அவ எப்பவும் தொணதொணன்னு பேசிக்கிட்டேதான் வருவா. நான் ஒண்ணையும் காதுல வாங்குறதே இல்ல” என்றேன். மச்சான், முப்பது பேரும் சிரித்துவிட்டார்கள், அன்புமணியும் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்தாள், வெளியே போய் ஷேர் ஆட்டோ ஏறினாள், மறுநாள் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லி பஸ் ஏறினாள். கண்ணுக்குப் பத்து நாள் போதும் என்றுதான் இங்கே எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். இன்றோடு நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. தங்கள் கண் என்ன கண் மச்சான்.

தப்பாக நினைக்காதீர்கள். தங்கள் கண் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று போன செவ்வாய்க்கிழமை கோவிலில் வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான், கண் சரியாகிவிட்டால் கடிதத்தைத் தாங்களே வாசித்துவிடுவீர்களே என்று திக்கென்றது. திரும்ப உள்ளே போய், நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்துச் சரியாகட்டும் என்று திருத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் போன நாலாம் நாள் கடையைச் சாத்திவிட்டு மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால், குக்கர் சத்தம் இல்லை, அந்தச் சீரியல் சத்தம் இல்லை, எதிர்வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோற்றைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்து, கேமராவில் அவள் குரலைத் தேடினேன். இந்தக் கேமரா இடம் தீர்ந்தால் பழையதை அழித்துவிட்டு அதன்மேல் புதியதை எழுதும். பதினோரு நாள் ஓட்டம்தான் அதில் நிற்கும். அதாவது நான் காரை ஓட்ட ஓட்ட அவள் குரல் அழிந்துகொண்டே வரும். இது உறைத்ததும் காரை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். மூன்று நாள் ஷேர் ஆட்டோவில் போய் சீட் கவர் மாட்டிக் கொடுத்தேன். ஏழு சீட்டு வண்டிக்கான கவரை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த சிலுவையம்மாளின் கூடைத் தண்ணீர் பெய்ஜ் கலர் துணியில் இறங்காமல் பிடித்துக்கொண்டு போவது லேசான காரியம் இல்லை. ஒன்றில் இறங்கிவிட்டது. அந்த வண்டி இன்னும் வஞ்சிர மீன் வாசனையோடுதான் ஓடுகிறது. கடைசியில் பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் தவ்ஃபீக் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “கார்ட கழட்டி பீரோல வச்சிட்டு வேற கார்டு சொருவு அண்ணாச்சி. நீ விக்கிற சாமான்தான அது?” இருபது வருஷமாக இந்த வியாபாரத்தில் இருக்கிறேன், என் கடை ஷெல்ஃபில் நாற்பது கார்டு தொங்குகிறது, எனக்குத் தோன்றவில்லை.

கழற்றி வைத்த கார்டை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பதினோரு நாளில் ரோடு இருக்கிறது, லாரி இருக்கிறது, குறுக்கே போகிற மாடு இருக்கிறது, தூசி பறக்கிறது. தங்கள் தங்கை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறாள். பச்சைச் சேலையில் வண்டிக்கு முன்னால் நடந்துபோய், நுங்கு வண்டிக்காரனிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி, உங்களுக்கும் வாங்கட்டுமா என்று கையால் கேட்கிறாள். நாலு விநாடி. நான் வேண்டும் என்றேனா வேண்டாம் என்றேனா தெரியவில்லை. மீதி எல்லாம் குரல்தான்.

அந்த எர்ணாவூர் லாரிக்குப் பிறகும் பயணம் தொடர்கிறது மச்சான். எண்ணூரில் ஒரு கஸ்டமருக்கு மேட் கொடுக்கப் போயிருந்தோம். அவள் கேட்கிறாள், “ஏங்க, நெட்டுக்குப்பம் திருப்பம் வருது. முகத்துவாரத்த ஒரு தடவ பாத்துட்டுப் போவமா?” நான் சொல்கிறேன், “ம், ஸ்டாக் இருக்கு.” அந்தப் பதில் அவளுக்கு இல்லை, மாதவரம் கஸ்டமருக்கு. புளூடூத் என் இடது காதில்தானே இருக்கும். போன தீபாவளிக்குத் தாங்கள் வந்தபோதுகூட, மாப்பிள்ளைக்கு இது காதிலேயே முளைத்ததா என்று கேட்டீர்கள், நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். அவள் இரண்டாம் தடவை கேட்கிறாள், நான் பெய்ஜ் கலர் அழுக்குத் தெரியாது என்கிறேன். மூன்றாம் தடவை கேட்கிறாள். நாலாம் தடவை, அஞ்சு நிமிஷம் போதுங்க என்கிறாள். பிறகு கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும். அப்புறம் யாருக்கும் இல்லாமல், “சரி, ரோட்டயே பாப்போம்” என்கிறாள். படத்தில் நெட்டுக்குப்பம் திருப்பம் வருகிறது, பக்கத்தில் வருகிறது, போய்விடுகிறது. இதை நான் முப்பது நாற்பது தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூட வண்டி திரும்பவில்லை.

கல்யாணமாகி டோல்கேட்டுக்கு வந்து இருபத்தேழு வருஷம். நடந்தால் இருபது நிமிஷத்தில் கடல். நடுவில் லாரியும் சுவரும் பாறாங்கல்லும் இருப்பதால் அவள் கடலை வாசனையாகவும் பீரோ துருவாகவும்தான் பார்த்திருக்கிறாள். ஆறு வந்து கடலில் சேருகிற இடத்தைக் காட்டு என்று கேட்டதற்கு நான் பார்ப்போம் பார்ப்போம் என்றே காலத்தை ஓட்டியிருக்கிறேன். நான் காதில் வாங்குவதே இல்லை என்று முப்பது பேர் முன்னால் சொன்னது விளையாட்டுக்குத்தான் மச்சான். அது நிஜம் என்பதற்கு அத்தாட்சி என் பீரோவிலேயே இருக்கிறது. கேமரா பொய் சொல்லாது என்று பீற்றினவன் நான்தான்.

அன்றுதான் புது கேமரா யோசனை பிறந்தது. தவ்ஃபீக்கை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினேன். முன்னால் பார்க்க ஒரு கண், பின்னால் பார்க்க ஒரு கண், இது எல்லாரும் செய்வது. மைக் தனித் துண்டு, பிளவுஸ் பட்டன் மாதிரி டிக்கென்று மாட்டலாம், டிக்கென்று பிய்த்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம். மாட்டுகிற உரிமை இடது பக்க சீட்டுக்காரருக்கு மட்டும். நம்ம பக்கத்து உப்புக் காற்றில் ஒரு வருஷத்தில் துருப்பிடிக்காத பிராக்கெட். மே மாத வெயிலில் கண்ணாடியை விட்டுக் கழன்று மடியில் விழாத ரப்பர். அழிக்கவே முடியாத ஒரு சின்னப் பெட்டி, வேண்டியதை அதில் போட்டுப் பூட்டிக்கொள்ளலாம். இன்னொரு கண், அது இடது பக்க சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். தவ்ஃபீக் இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இன்னா அண்ணாச்சி, ஆக்சிடென்ட்டு ரோட்டுல நடக்கும்னா நீ சீட்டாண்ட கேமரா வைக்கிற?” என்று கேட்டான். எனக்கு நடந்த ஆக்சிடென்ட் அங்கேதான் என்று சொல்லவில்லை. டிசைன் என்னுடையது, நீ ஒயரைப் பார் என்று சொன்னேன்.

இதில் உச்சம் கடைசித் துண்டு. இடது சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். உட்கார்ந்திருப்பவர் ஏதாவது கேட்டு, ஓட்டுகிறவன் ம் கொட்டினால் ஒரு தடவை அமுக்க வேண்டும், முன்னால் சிவப்பு விளக்கு எரியும். இரண்டாம் தடவை அமுக்கினால் பீப் அடிக்கும். மூன்றாம் தடவைக்கு ஹாரன். நாலாம் தடவை அமுக்கினால் வண்டி நிற்கும். கேட்டது என்ன என்று பதில் சொன்னால்தான் திரும்பக் கிளம்பும். உலகத்தில் எந்தக் கம்பெனியும் இதைச் செய்யவில்லை. தவ்ஃபீக் ஒயரைக் கொடுத்து ஒருவாறு செய்து முடித்தான். போன வியாழக்கிழமை பரீட்சை பார்க்கக் கிளம்பினோம். இடது சீட்டில் தவ்ஃபீக். நான் வழக்கம்போலப் புளூடூத்தில் கஸ்டமரோடு. அவன், டீ சாப்பிடலாமா அண்ணாச்சி என்று கேட்டான், விளக்கு எரிந்தது, நான் கவனிக்கவில்லை. பீப் அடித்தது, கஸ்டமர் பக்கத்துச் சத்தம் என்று நினைத்தேன். ஹாரன் அடித்தது, பின்னால் லாரிக்காரன் அடிக்கிறான் என்று நினைத்துக் கையைக் காட்டி, போ போ என்றேன். எர்ணாவூர் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், எக்ஸ்பிரஸ் ரோட்டு நடுவில், வண்டி அப்படியே நின்றுவிட்டது.

பின்னால் கன்டெய்னர் லாரி கண்ணுக்கு எட்டின மட்டும் வரிசை கட்டிவிட்டது. ஒவ்வொருவனும் என் குடும்பத்தை விசாரிக்க ஆரம்பித்தான். பிலோமி என்று பேட்ஜ் போட்ட போக்குவரத்து போலீஸ் அம்மா வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்து, இன்னாயா கோளாறு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தவ்ஃபீக் பெருமையாக, “கோளாறு இல்ல மேடம். அண்ணி நாலு தபா கூப்ட்டா வண்டி நின்னுடும், அதான் டிசைனு” என்றான். அண்ணி எங்கே என்று அவர் பின் சீட்டைக் குனிந்து பார்த்தார். ஊருக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது என்று நான் சொன்னேன், எதற்குப் போனார் என்று கேட்டார், நடுரோட்டில் நின்றுகொண்டு அதையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அப்ப இந்த மிஷினு யாரு கூப்ட்டு நிக்கிது? போயி அவங்கள இட்டுக்கினு வாய்யா மொதல்ல” என்றார். அவன் கேட்டது டீ என்று நான் பதில் சொல்லியும் வண்டி கிளம்பாததால், அப்புறம் அவரும் தவ்ஃபீக்கும் சேர்ந்து அதை ஓரமாகத் தள்ளினார்கள்.

அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எப்படி மச்சான் வருவது? வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம், ஒரு நாள்கூடக் கடையை விட்டு நகர முடியாது. சாப்பாட்டுக்கும் ஒரு குறையும் இல்லை, ரசம் நானே நன்றாக வைக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் போர்டைப் பார்த்துவிட்டு, சிவந்தி அக்கா எங்கே காணோம் என்று கேட்கிறார்கள், அது ஒன்றுதான் தொந்தரவு. போர்டை மாற்றலாமா என்றுகூட யோசித்தேன், வேறு பெயர் எதுவும் தோன்றவில்லை.

ஒரு சேதி விட்டுப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தங்கபுஷ்பம் வந்தாள். கையில் ஒரு சாக்கு. கோபத்தில் என்னத்தைக் கொண்டுவந்தாளோ என்று பயந்துகொண்டே அவிழ்த்தேன். நம்ம கேரியர் அடுக்குகள், பளபளவென்று விளக்கி, மூடியோடு. “மதினி சொன்னதுல என்னண்ணே பொய்யி? எனக்குக் கோவம் மதினி மேல இல்ல, ஒம்மேலதான். அத்தன பேரு முன்னால அப்படிச் சொல்லுவியா?” என்று சொல்லிவிட்டு, என் ரசத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் வேறு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுக்கை எண்ணிப் பார்த்தேன், எட்டு இருக்கிறது. எட்டாவது யாருடையது என்று தங்கள் தங்கைக்குத்தான் தெரியும். அதையாவது கேட்டு எழுதுங்கள்.

ஆக, கேமரா பற்றித் தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்கவும். பொத்தான் இடது சீட்டுக்காரருக்குக் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கவேண்டும், உயரம் எவ்வளவு என்று யாரையாவது உட்காரவைத்து அளந்து சொன்னால் போதும். ராமசெல்வி அக்காவுக்கு என் வணக்கம், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு ஆயிரம் ஆசி, தங்கள் கண்ணுக்கு நூறு வயசு. இவ்வளவு நேரம் வாசித்தவருக்குத் தொண்டை வறண்டிருக்கும், தண்ணீர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
கடையை விட்டு நகர முடியாத தங்கள் மைத்துனன்
சுடலைராஜ்

பி.கு.: சிவந்தி, இதை மச்சானுக்கு வாசிக்காதே, நீ மட்டும் படி. மேலே எழுதினதில் ரசம் பற்றிச் சொன்னது பொய். கடையை விட்டு நகர முடியாது என்றதும் பொய். கவரில் ஸ்டாம்ப் இல்லை, கவனித்தாயா? இதைக் கொண்டுவந்து கொடுத்தது உங்கள் தெருமுனை டீக்கடைக்காரர். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினேன், இப்போது சாயங்காலம் ஐந்தரை. டீக்கடைக்கு எதிரே பூவரச மரத்தடியில் வண்டி நிற்கிறது. எட்டு அடுக்கும் பின் சீட்டில் இருக்கிறது.

கேமராவைக் கழற்றி தவ்ஃபீக்கிடமே கொடுத்துவிட்டேன், கண்ணாடியில் வட்டமாக ஒரு கறை மட்டும் இருக்கிறது. வழி நெடுக எதுவும் பதிவாகவில்லை. இனிமேல் நீ சொல்வதை நான்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்புகிற அன்று நேராக நெட்டுக்குப்பம், அப்புறம்தான் வீடு. அஞ்சு நிமிஷம் இல்லை, உனக்குப் போதும் என்கிற வரைக்கும்.

இந்தப் பின்குறிப்பை உன் சீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இருபத்தேழு வருஷத்தில் இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் உட்கார்கிறேன். இங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவனின் இடது காதுதான் தெரியும் போலிருக்கிறது. இத்தனை வருஷம் நீ அதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறாய். புளூடூத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வா சிவந்தி, இடது காது காலியாக இருக்கிறது.